கீழே இறங்கலாமா, மேலே திரும்பலாமா? மந்த காலத்தில் நீலகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ரேஷன் கார்டு முகவரி மாற்றம், பி.எஃப். படிவம், பிள்ளைகளின் டி.சி. நகல் என்று ஊர் மாறுகிறவர்கள் ஒரு முறையாவது என் மேஜை முன் வந்து நிற்பார்கள். படிவத்தை நிரப்பும்போதே கேள்வியும் ஆரம்பித்துவிடும். "அண்ணா, திருப்பூர்ல இப்ப வேலை எப்படிங்க?" என்று ஒருவர். "வந்துட்டோம், இனி இங்கேயே ஓட்டிட முடியுமா?" என்று இன்னொருவர். நானும் 2001-இல் மலையை விட்டு இறங்கி, பத்து வருஷம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு 2011-இல் திரும்பி வந்தவன்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நாடு முழுக்கத் தொழில் மந்தம் என்கிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதானே?

இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். மந்தம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை, ஒரே வழியாகவும் வருவதில்லை.

2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மலையில் பச்சைத் தேயிலை விலை தரைதட்டியிருந்தது. அப்பாவின் கணக்கு நோட்டில் 1998 பக்கத்தில் கிலோ 15 ரூபாய் என்று இருக்கும், இரண்டு வருஷம் தள்ளிப் புரட்டினால் 5 ரூபாய். இலை பறிக்கிற கூலிக்கே அது கட்டவில்லை. அதே சமயம் திருப்பூரில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்காத கேட் கிடையாது. அடுத்த வருஷம் நாங்கள் இறங்கினோம்.

2008 கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. சில மாதங்களில் திருப்பூரில் ஆர்டர் குறைந்தது, கோவை பட்டறைகளில் அதோடு மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்த ஒன்றிரண்டு வருஷம் தேயிலைக்கு விலை கூடியிருந்தது. கென்யாவிலும் இலங்கையிலும் மழை பொய்த்து உலகச் சந்தையில் வரத்து குறைந்ததால் வந்த விலை அது. அமெரிக்க வங்கி விழுந்தது கோத்தகிரிக்காரனைத் தொடவில்லை. திருப்பூரில் இருந்த அவன் மகனைத் தொட்டது.

2020 இன்னும் விசித்திரம். மார்ச் 25-இல் ஊரடங்கு. ஊட்டியில் காட்டேஜ்களுக்குப் பூட்டு, அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மலர்க் கண்காட்சியே இல்லை. கைடு, குதிரைக்காரர், வர்க்கி விற்கிறவர், டாக்சிக்காரர் எல்லாரும் வீட்டில். ஆனால் அசாமில் முதல் பறிப்பு ஊரடங்கில் மாட்டிக்கொண்டதால் நாட்டில் தேயிலைக்குத் தட்டுப்பாடு வந்தது, இங்கே இலைக்குப் பல வருஷமாகப் பார்க்காத விலை கிடைத்தது. ஒரே மாவட்டம், ஒரே மாதம். ஊட்டியில் டாக்சி ஓட்டிய என் மச்சான் கோத்தகிரியில் இலை மூட்டை தூக்கினார்.

ஆகவே "நாட்டில் மந்தமா?" என்பதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். "நான் போகிற ஊரில் மந்தமா?" என்று கேளுங்கள்.

ஒரு ஊர் படுக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அந்த ஊருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். ஒரே வழி என்றால் சட்டென்று விழும், சட்டென்று எழும். பல வழி என்றால் ஒன்று அடைத்தாலும் ஊர் ஓடும்.

திருப்பூர் ஒரே வழி ஊர். வெளிநாட்டு ஆர்டர் வந்தால் ராத்திரி பகல் தெரியாது. அங்கே வேலை போவதற்கு முன்னால் ஷிப்ட் போகும். பனியன் கம்பெனியில் சம்பளத்தை மாதக் கணக்கில் பார்க்க மாட்டோம், வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் என்றுதான் பார்ப்போம். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு மேல் வந்தால் ஒன்றரை ஷிப்ட். அந்த ஒன்றரை, ஒன்றாகிவிட்டால் முதல் மணி அடித்துவிட்டது. அப்புறம் சனிக்கிழமை லீவு. அப்புறம் செக்கிங் டேபிளில் நான்கு பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர். இத்தனைக்கும் பிறகுதான் "ரெண்டு வாரம் ஊருக்குப் போய்ட்டு வாங்க" என்பார்கள். நீங்கள் கிளம்ப வேண்டியது அந்த நாளில் அல்ல. ஒன்றரை ஒன்றானபோதே சீட்டுக் கட்டுவதை நிறுத்தி, கையில் பணம் சேர்க்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

கோவைக்குப் பல வழி. பம்பு, மோட்டார், வார்ப்படம், மில், ஆஸ்பத்திரி, காலேஜ், ஐ.டி. எல்லாம் ஒரே சமயத்தில் படுத்த வருஷம் என்றால் எனக்குத் தெரிந்து 2020 மட்டும்தான். சம்பளம் திருப்பூரை விடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் கோவையைத்தான் சொல்வேன். துடியலூர், காரமடைப் பக்கம் நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டால் கோத்தகிரி பஸ் ஏறிவிடலாம் என்பதும் ஒரு காரணம்.

சென்னையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார். 2019-இல் வண்டி விற்பனை விழுந்தபோது பெரிய தொழிற்சாலைகளே 'உற்பத்தி இல்லா நாள்' அறிவித்தன. அதில் முதலில் அடிபட்டது ஒப்பந்தத் தொழிலாளர்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே போகிற பையன்கள் நிரந்தரமா ஒப்பந்தமா என்பதைச் சேரும் அன்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையின் மந்தம் மட்டும் ஏன் வருஷக்கணக்கில் நீளுகிறது?

துணிக்கு ஆர்டர் நின்றால் மிஷினை நிறுத்திவிடலாம். தேயிலைச் செடியை நிறுத்த முடியாது. விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொழுந்து வரும், பறிக்காமல் விட்டால் மரமாகிவிடும். அதனால் விலை விழுந்தாலும் வரத்து குறைவதில்லை. நஷ்டத்திலும் எல்லாரும் பறித்துக்கொண்டே இருப்போம், விலை எழுந்திருக்க நேரமாகும்.

இன்னொன்று, நமக்கு விலை சொல்கிற இடம் எங்கேயோ இருக்கிறது. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தது. நீலகிரித் தூளைப் பெரிய அளவில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அடி உடனே தெரியவில்லை, சில வருஷம் ரஷ்யா தொடர்ந்து வாங்கியது, நடுவில் நல்ல விலைகூட வந்தது. அந்த நல்ல விலையை நம்பித்தான் உருளைக்கிழங்கு போட்ட காட்டிலெல்லாம் தேயிலை நட்டார்கள். அப்புறம் 1990-களின் கடைசியில் மொத்தமாக இறங்கியது. அரசு 2001-இல் ஊட்டி டீ என்று ரேஷன் கடையில் தூள் விற்க ஆரம்பித்ததே அந்தக் கஷ்டத்தில்தான்.

கணக்கு எப்படி என்று இளசுகள் கேட்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோ சொச்சம் பச்சை இலை வேண்டும். விலைப் பங்கீட்டில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று வைத்திருக்கிறார்கள். தூள் ஏலத்தில் 100 ரூபாய்க்குப் போனால் விவசாயி பங்கு 65, அதை நாலே காலால் வகுத்தால் கிலோ இலைக்கு 15 ரூபாய் சுமார். இதில் பறிகூலி, உரம், வண்டி எல்லாம் போக வேண்டும். குறைந்தபட்ச விலை கேட்டு 2023-இல் கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் உட்கார்ந்தது இந்தக் கணக்கு இடித்ததால்தான். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் "தோட்டம் இருக்கே" என்று நினைத்துத் திரும்பி வருமுன் இந்த வகுத்தலை ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

ஊட்டியில் சீசன் வேலையை நம்பி இருக்கலாமா?

அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஏப்ரல், மே ஒரு சீசன், செப்டம்பர், அக்டோபரில் சின்னதாக இரண்டாம் சீசன். மற்ற மாதங்களில் சனி, ஞாயிறுதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கீழே லேசான மந்தம் என்றால் ஊட்டிக்குக் கூட்டம் குறைவதில்லை. சிங்கப்பூர் போகவிருந்தவர்கள் ஊட்டிக்கு வருகிறார்கள், மூன்று நாள் தங்குகிறவர்கள் ஒரு நாளில் திரும்பிவிடுகிறார்கள். அறைக்காரருக்கு அடி, டீக்கடைக்காரருக்கு அடி இல்லை. எந்தக் கடையில் வேலைக்குச் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இப்போது வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இல் ஆரம்பித்தது. 2025 ஏப்ரலில் இருந்து சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு போட்டார்கள். அதை எதிர்த்து ஏப்ரல் 2-ஆம் தேதி மாவட்டத்தில் கடையடைப்பும் நடந்தது. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் குன்னூரில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதைப் பார்த்த எனக்கு, வரம்பே கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக்காரர்கள் என்னைத் திட்டலாம்.

மந்தமே தெரியாத ஊர் மலையில் இருக்கிறதா?

அரவங்காடு, வெலிங்டன். ஒன்றில் வெடிமருந்துத் தொழிற்சாலை, இன்னொன்றில் ராணுவம். மாதம் பிறந்தால் சம்பளம். அங்கே மளிகைக்கடை வைத்தவருக்கும் அதே நிம்மதி. ஆனால் வேலைக்கு நுழைவது எளிதல்ல, அதனால் இதற்கு மேல் பேசிப் பயனில்லை.

நான் வேலை பார்த்த இடம் மூடப்போகிறது. காத்திருக்கலாமா, கிளம்பலாமா?

முதலில் அது மந்தமா, முடிவா என்று பிரித்துப் பாருங்கள். ஆர்டர் குறைந்தால் மந்தம், திரும்பி வரும். அந்தப் பொருளே யாருக்கும் வேண்டாம் என்றால் அது முடிவு.

இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் ஊட்டி இந்து நகர். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். கருப்பு வெள்ளைப் பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்துதான். ஊருக்கே 'இந்து' என்ற அந்தப் பிலிமின் பெயர். 1996-இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்தது. புத்துயிர் கொடுப்பார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு வரும். 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தபோது, நடுவயதில் போயிருக்க வேண்டியவர்கள் தலை நரைத்து நின்றார்கள். போன் எடுத்தால் படம் எடுக்கலாம் என்று ஆன பிறகு பிலிம் கம்பெனிக்கு எந்த அரசு என்ன செய்ய முடியும்?

காத்திருப்பதில் தப்பில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் காத்திருங்கள்.

உண்மையிலேயே அவ்வளவு பேர் மலையை விட்டுப் போயிருக்கிறார்களா?

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மக்கள் தொகை 7,62,141. 2011-இல் 7,35,394. தமிழ்நாட்டில் அந்தப் பத்து வருஷத்தில் தலை எண்ணிக்கை குறைந்த ஒரே மாவட்டம் நம்முடையது. ஆயிரம் ஆணுக்கு 1,042 பெண் என்ற கணக்கிலும் மாநிலத்தில் முதலிடம். இதைப் பெருமையாகச் சொல்வார்கள், ஆண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் திருப்பூர் பஸ்ஸைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த 26,747 குறைவில் நானும் ஒரு ஆள்.

இந்த நேரத்தில் திருப்பூர் போகலாமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூருக்கு நேரடி அடி விழுந்தது. அமெரிக்கா அவர்களுடைய பெரிய வாடிக்கை. இது மாதிரி வரி ஏறும், இறங்கும், பேச்சுவார்த்தை நடக்கும். செய்தியை நம்பிக் கிளம்பாதீர்கள். அங்கே இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் போட்டு "இந்த வாரம் எத்தனை ஷிப்ட் பார்த்தே?" என்று மட்டும் கேளுங்கள். "வேலை எப்படி இருக்கு" என்று கேட்டால் "பரவால்ல" என்றுதான் சொல்வார்கள். மானப் பிரச்சினை. ஷிப்ட் எண்ணிக்கையில் பொய் வராது.

எல்லாக் கம்பெனியும் அமெரிக்காவுக்குத் தைப்பதில்லை. ஐரோப்பாவுக்குத் தைக்கிறவர்கள் உண்டு, உள்நாட்டுக்கு மட்டும் பனியன், ஜட்டி தைக்கிறவர்கள் உண்டு. ஏற்றுமதி படுத்த வருஷத்திலும் திருப்பூரின் உள்நாட்டுப் பனியன் சந்தையான காதர்பேட்டையில் வியாபாரம் நடக்கும். அப்படி ஒரு உள்நாட்டு யூனிட்டில் கொஞ்சம் குறைந்த கூலிக்குச் சேருவது மந்த நேரத்தில் புத்திசாலித்தனம்.

மந்தம் ஆர்டரால் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதற்காக சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆர்டர் இருந்தது, தைக்க ஆள் இருந்தது, சாயம் போட்ட துணிதான் இல்லை. எங்கள் கம்பெனியில் மூன்று வாரம் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். நான்காவது வாரம் கணக்கு முடித்தார்கள், அதிலும் கடைசி இரண்டு வார ஓவர்டைம் பணத்தை விட்டுவிட்டார்கள். கேட்டால் "சாயம் வந்ததும் வாங்க, சேர்த்துத் தர்றோம்" என்றார்கள். சாயம் வந்தது, நான் போகவில்லை.

குடும்பத்தோடு போவதா, தனியாகவா?

முதல் ஆறு மாதம் தனியாக. இதில் எனக்கு இரண்டாம் அபிப்ராயம் கிடையாது.

தோட்டத்தையும் வீட்டையும் என்ன செய்வது?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

தோட்டத்தைச் சும்மா விடாதீர்கள். இரண்டு வருஷம் பறிக்காமல், கவாத்து செய்யாமல் விட்டால் இடுப்பளவுச் செடி தலைக்கு மேல் போய்விடும். அதை வெட்டி இறக்கி மறுபடி பறிக்கும் மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு வருஷ வருமானம் போகும். அண்ணன் தம்பிக்கோ பக்கத்துத் தோட்டக்காரருக்கோ பங்குக்கு விடுங்கள். அவர் ஒன்றும் தராவிட்டாலும் சரி, பறித்தால் போதும். ஆனால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு, பத்து வருஷம் கழித்து வந்து "யாரு தோட்டம்?" என்று பஞ்சாயத்தில் நிற்கிறவர்களுக்கு நான் மாதம் ஒரு மனு எழுதுகிறேன்.

வீடும் அப்படித்தான். சமவெளியில் பூட்டிய வீட்டில் தூசிதான் சேரும். மலையில் பூட்டிய வீட்டில் ஒரு மழைக்காலம் போனால் சுவரில் பாசி ஏறும், அரிசி டிரம்மில் பூஞ்சை, மெத்தையைத் தூக்கினால் கை ஈரமாகும். நான் 2011-இல் வந்து கதவைத் திறந்தபோது பீரோ கதவு உப்பிப் போய் நிலையோடு பிடித்துக்கொண்டிருந்தது. உடைத்துத்தான் எடுத்தேன், உள்ளே கல்யாணப் பட்டுப்புடவையில் கருப்புக் கருப்பாகப் புள்ளி. என் மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசாததுதான் கஷ்டம். வாரத்துக்கு ஒரு நாள் யாராவது வந்து ஜன்னல் திறந்து அடுப்புப் பற்றவைத்தால் போதும். குறைந்த வாடகைக்காவது ஆள் வையுங்கள்.

தோட்ட லைன் வீட்டில் இருக்கிறோம். வேலை போனால் வீடும் போகுமா?

போகும். அந்த வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டத் தொழிலாளருக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951 சட்டம் சொன்னது. வேலை இருக்கிறவரைக்குமான உரிமை அது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், வீட்டில் வேறு யாராவது அதே தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் தொடரலாம் என்பது நடைமுறை.

அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது இரட்டை வலி. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இந்தத் தோட்டங்களை ஆரம்பித்தது. தாத்தா காலத்தில் ஒரு மலையை விட்டு வந்தவர்கள், பேரன் காலத்தில் இந்த மலையை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்? நஷ்டம் தாங்காமல் 2022-இல் டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது கூடலூர், பந்தலூர் பக்கம் கேட்ட முதல் கேள்வியே "வீடு?" என்பதுதான். பேசினவர்கள் யாரும் சம்பளத்தை முதலில் கேட்கவில்லை.

வேலை இருக்கும்போதே வேறு முகவரி உண்டாக்கிக்கொள்ளுங்கள். அரசு வீட்டுத் திட்டம் எதுவாக இருந்தாலும் மனு போட்டு ரசீதை வைத்திருங்கள். பையன் கோவையில் இருந்தால் அவன் பெயரில் ஒரு வாடகை ஒப்பந்தமாவது இருக்கட்டும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

கை சும்மா இருக்கும்போது அந்தப் பணம் கண்ணை உறுத்தும். முடிந்தவரை எடுக்காதீர்கள். பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் கணக்கை முடித்துப் பணம் எடுத்தால் சர்வீஸும் அதோடு போய், பத்து வருஷம் சேரவே சேராது. நான் நாலு கம்பெனியில் நாலு முறை எடுத்தேன். பத்து வருஷம் உழைத்தும் பென்ஷன் பூஜ்யம்.

புதுக் கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணை, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணைக் கொடுங்கள், புது எண் போட விடாதீர்கள். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.பில் முன்னால் என்று இருந்தால்கூட மாற்றல் நின்றுவிடும். என் கடையில் தினமும் நடக்கிற கூத்து இது. கிளம்பும் முன் சரிசெய்துவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு வேலை போன காலத்துக்கு ஒரு உதவி உண்டு, பல பேருக்குத் தெரியாது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். குறைந்தது இரண்டு வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, சந்தாவும் தேவையான நாட்களுக்குக் கட்டியிருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் பாதி, மொத்தம் 90 நாள் வரை கிடைக்கும். அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம், ஆகவே அப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

ரேஷன் கார்டு, பிள்ளைகள் படிப்பு?

ரேஷன் பெரிய தலைவலி இல்லை. 2020 அக்டோபரில் இருந்து தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். "எங்க ஸ்டாக் எங்க கார்டுக்கே பத்தல" என்று கடைக்காரர் முனகுவார். மாதக் கடைசியில் போகாமல் நடுவில் போனால் முனகல் குறையும்.

பள்ளிக்கு, எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமானாலும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தருகிற எமிஸ் அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் மட்டும் பரீட்சை முடியும்வரை நகராதீர்கள், அப்பா மட்டும் போகட்டும்.

கீழே மந்தம் என்றால் மலையில் வாடகை ஏன் ஏறுகிறது?

2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று பெங்களூர்ப் பிள்ளைகள் லேப்டாப்போடு ஏறி வந்தார்கள். வேலை போய் ஊர் திரும்பியவர்களும் அதே நேரத்தில் வீடு தேடினார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர், ஒருவர் பெங்களூர் வாடகையோடு ஒப்பிடுகிறார், இன்னொருவர் இலை விலையோடு. யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமா? நாலு பேர் வாடகைக்கு இருந்த வீடு ஹோம்ஸ்டே ஆனதும் உண்டு. இங்கே நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்டவும் முடியாது, மலைக் கட்டட விதிகள் கடுமை. அதனால் புது வீடு வந்து வாடகையை இறக்கும் என்று காத்திருக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, படுகர் கிராமங்களான ஹட்டிகளில் கேளுங்கள், தெரிந்தவர் மூலமாக.

கூடலூர்ப் பக்கம் நிலம் மலிவாகக் கிடைக்கிறதாமே, வாங்கிப் போட்டுத் திரும்பலாமா?

மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜென்ம நிலம், அதாவது ஜென்மி என்ற பழைய நிலவுடைமைக்காரர்களின் நிலம். 1969-இல் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, அதில் பிரிவு 17-க்குள் வருகிற நிலம் யாருக்கு என்ற சிக்கல் இன்றைக்கும் தீரவில்லை. பட்டா இல்லாமல் வெறும் ஒப்பந்தத் தாளைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேலை போய் கையில் வந்த பணத்தை முடக்குவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

வட மாநிலத்துக்காரர்கள் வந்துதான் நமக்கு வேலை இல்லையா?

நம் பிள்ளைகள் திருப்பூர் போனபோது காலியான இடத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் ஊர் மந்தம் அவர்களை இங்கே தள்ளியது, நம் மந்தம் நம்மைக் கீழே தள்ளியது. என் கடைக்கு வந்து ஆதார் நகல் எடுக்கும் ஜார்க்கண்ட் பையன் கேட்கிற கேள்வியும் இதுதான்: "பையா, திருப்பூர் மே காம் ஹை?" அண்ணா, திருப்பூரில் வேலை இருக்கா என்று.

திரும்பி வந்தால் ஊர் ஏளனமாகப் பேசாதா?

இரண்டு வாரம் பேசும். டீக்கடையில் "என்னப்பா, லீவா?" என்பார்கள். "இல்ல, வந்துட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். லீவு என்று பொய் சொன்னால் மூன்று மாதம் அந்த லீவைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். நான் செய்த முட்டாள்தனம் அது. அம்மாவோடு தோட்டத்துக்குப் போகவே வெட்கப்பட்டு, இருட்டோடு போய் இருட்டோடு வந்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மாதான் ஒரு நாள் வேலியோரம் நின்று, "தம்பி, இலையை வெளிச்சத்துல பறிக்கணும், கருக்கல்ல முத்துனது எது கொழுந்து எதுன்னு தெரியாம ஃபேக்டரியில தள்ளிடுவான்" என்றார்.

சரி, எந்த மாதம் திரும்புவது?

தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு. ஆனால் உடனே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி, இலை இருக்காது, காய்கறி வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வருகிறவர்கள் ஊரின் கலகலப்பைப் பார்த்து மயங்கி இங்கேயே தங்க முடிவெடுக்கிறார்கள். பண்டிகை முடிந்த மறுவாரம் ஊர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். போனஸைப் பத்திரப்படுத்திக்கொண்டு, கோடை மழை விழுந்து இலை வர ஆரம்பிக்கும் ஏப்ரலில் வாருங்கள். சீசனும் அப்போதுதான், ஏதாவது ஒரு கூலி கிடைக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளையும் சேர்த்துவிடலாம்.

வரும்போது டி.சி. ஒரிஜினலை லேமினேஷன் செய்துகொண்டு வராதீர்கள். முத்திரை போட இடமில்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்புவார்கள், நீங்கள் அதைப் பிரித்துத் தரச் சொல்லி என்னிடம் வருவீர்கள். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடுகிறது.